மாமாவிடம் சொன்ன ஆபத்துகள்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் மகள் ஆரணி தன் மார்பகங்களைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்யப் போவதாகச் சொன்னாள். நான் அவளுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு விட்டுக்கொண்டிருந்தேன். அகப்பை கோப்பை விளிம்பில் அடிபட்டு, குழம்பு முழுவதும் மேசை விரிப்பில் கொட்டியது. அவளுடைய அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. கை கழுவ அவ்வளவு நேரம் எடுக்கிற மனிதரை நான் இதற்கு முன் கண்டதில்லை.

"என்ன அம்மா, இப்பிடிப் பாக்கிறீங்கள்? முதுகு நோகுது. தோளில பட்டி வெட்டுது. உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

"ஓம் பிள்ளை, தெரியும்," என்றேன்.

எனக்கு நன்றாகவே தெரியும். அதே ஒப்பரேஷனை, ஏறக்குறைய அவளுடைய வயதில், யுத்த காலத்துக் கொழும்பில் செய்துகொண்டவள் நான். இந்த விஷயம் என் கணவருக்குத் தெரியும். ஆரணிக்குத் தெரியாது. இங்கே ஜெர்மனியில் தாய்மார் பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்குப் போய் ஒரே அறையில் உடுப்பு மாற்றுவார்கள். நான் அப்படி வளர்ந்தவள் இல்லை. என் மகள் என் நெஞ்சைக் கண்டதில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் நினைப்பீர்கள், ஜெர்மனியில் எல்லாம் சட்டென்று நடக்கும் என்று. எங்கே! ஆரணி இதற்காக ஒன்றரை வருடம் அலைந்திருக்கிறாள், எங்களுக்குச் சொல்லாமல். மருத்துவக் காப்புறுதிக்காரர் எலும்பு டொக்டரின் கடிதம் கேட்டார்கள். உடற்பயிற்சிக்குப் போன சான்று கேட்டார்கள். தலை இல்லாமல் நெஞ்சை மட்டும் எடுத்த படம் கேட்டார்கள். எல்லாம் கொடுத்த பிறகு முடியாது என்றார்கள். அவள் ஆட்சேபித்து எழுதினாள். பிறகு சரி என்றார்கள். யாரோ ஒரு கந்தோரில் முகம் தெரியாத ஓர் உத்தியோகத்தர் என் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அவளுக்கு அது வெறும் அலுவல். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், ஒரு மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்கிற மாதிரித்தான் இதைப் பற்றியும் கதைத்தாள்.

"வெட்டுறதுக்கு முதல் டொக்டர் ஆபத்துகளை விளங்கப்படுத்தவேணும். அது சட்டம். நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள்.

வருகிறேன் என்றேன். முடிவு அவளுடையது. அவள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவள் நான்தான். ஆனால் அன்றிரவு முழுக்க ஒரே ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. அந்த அறையில் வைத்து என் பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்வார்களா, எனக்குச் செய்த மாதிரிச் செய்துவிடுவார்களா?

2

தொண்ணூறுகளின் பின்பகுதியில், வெளிநாட்டுக் கலியாணம் ஒன்று பொருந்திய பிறகு, விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தேன். கொட்டாஞ்சேனையில் என் தாய்மாமன் வீட்டில்தான் இருந்தேன். மாமா துறைமுகத்தில் கணக்குப் பகுதியில் வேலை. அவருக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சும்மா இருக்க ஏலாமல், வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு தொலைபேசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கொமினிகேஷன் என்று எல்லாரும் சொல்வார்களே, அது. கனடாவுக்கும் லண்டனுக்கும் ஆட்கள் பெட்டிக்குள் நின்று அழுது கதைப்பார்கள். நான் வெளியே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போக ஒரு நாளைக்கு எத்தனை தரம் பஸ்ஸை மறிப்பார்கள் என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, பொலிஸ் பதிவைக் காட்டு, பையைத் திற. பெண்களுக்குத் தனி வரிசை. சாக்குத் துணி கட்டிய மறைப்புக்குள் ஒரு பொலிஸ்காரி நிற்பாள்.

எனக்குப் பதினைந்து வயதிலிருந்தே பெரிய மார்பு. பள்ளிக்கூடத்தில் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் கூன் விழுந்தவள். கழுத்து நோ, தோள் நோ, வெயில் காலத்தில் அடியில் புண். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கொழும்புக்கு வந்தபின் பொறுக்க முடியாத ஒன்று வந்தது. உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வருகிற பெண்களைப் பற்றிய பயம் நகரம் முழுக்க இருந்தது. மறைப்புக்குள் நிற்கிறவளுக்கு என்னைக் கண்டதும் சந்தேகம் வரும். மற்றப் பெண்களைத் தடவிவிட்டு அனுப்புவாள். என்னை அழுத்துவாள். ஒரு பக்கம், மறுபக்கம், கீழே, நடுவே. சில பேர் இரண்டாமவளையும் கூப்பிடுவார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் நல்லது. சிரிக்காவிட்டால் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் ஒன்றாக வந்தோம். மறைப்புக்குள்ளிருந்து நான் பொத்தான் மாறிப் பூட்டியபடி வெளியே வந்ததை மாமா பார்த்தார். இரண்டு நாள் கழித்து மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"பிள்ளை, மாமா ஒரு டொக்டரை விசாரிச்சவர். உந்த முதுகு நோவுக்கு... உதைக் குறைக்கிறதுக்கு ஒரு ஒப்பரேஷன் இருக்காம். வெளிநாட்டுக்குப் போக முன்னம் செய்தால் நல்லமாம். நீ என்ன சொல்லுறாய்?"

நான் 'ஓம்' என்றேன். என்ன ஒப்பரேஷன், எப்படி வெட்டுவார்கள் என்று கேட்கவே தோன்றவில்லை. அந்தக் கைகள் இனி என்மேல் படாது என்பது மட்டும்தான் என் தலைக்குள் போனது.

3

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். சத்திர சிகிச்சை நிபுணர் கெட்டிக்காரர் என்றார்கள். என்னை ஒரு தாதி முன்னிலையில் பார்த்து, நாடாவால் அளந்து, "குட், குட்," என்றார். பிறகு என்னை வெளியே நீள வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு மாமாவை உள்ளே கூப்பிட்டார். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். எனக்குப் பொறுப்பு மாமா. எனக்கு இருபத்திரண்டு வயது என்பதோ, வெட்டப்போவது என் உடம்பை என்பதோ அந்த அறையில் ஒருவருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. எனக்கும்தான்.

கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. டொக்டர் ஆங்கிலத்தில் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். தன் நெஞ்சில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மாமா அவரைப் பார்க்கவேயில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்து, லேஞ்சியால் துடைத்துத் துடைத்துத் தலையாட்டினார். டொக்டர் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையாட்டல்.

வெளியே வந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"என்னவாம் மாமா?"

"எல்லாம் சரியாம் பிள்ளை. பயப்பிட ஒண்டுமில்லையாம்." தன் சப்பாத்தைப் பார்த்தபடி சொன்னார். கொஞ்சம் யோசித்து, "பிறகு கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாதாம்," என்றார்.

டொக்டர் அவ்வளவு நேரம் சொன்னதில் மாமாவின் வாயால் வெளியே வந்தது அந்த ஒரே ஒரு வசனம்தான்.

4

ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். நெஞ்சைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதன் மேல் அகலப் பட்டியால் அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். மூச்சுக்கூட அளந்துதான் விட முடியும். மேலே மாமியின் தொளதொளத்த சட்டை. மாமா ஒரு த்ரீவீலரைப் பிடித்து வந்தார். மெதுவாகப் போ என்று சாரதியிடம் சொன்னார்.

ஒப்பரேஷனுக்குப் பிறகும் வீதியில் சோதனை இருக்கும் என்பதை நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவேயில்லை. இதை இன்று நினைத்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை. சோதனைக்குப் பயந்து வெட்டிக்கொண்டவள் நான். வெட்டிவிட்டு, நெஞ்சில் நாலு விரல் தடிப்புக்கு எதையோ கட்டிக்கொண்டு, அதே சோதனைச் சாவடிக்குப் போய் இறங்கினேன்.

மறைப்புக்குள் ஒரு பொலிஸ்காரி. இளம்பிள்ளை, என் வயதுதான் இருக்கும். வழக்கம்போல கை வைத்தாள். சட்டைக்கு அடியில் கல்லு மாதிரி இறுக்கமாக, சுற்றிவர, ஏதோ ஒன்று. கை அப்படியே நின்றது. அவளுடைய முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அடுத்த கணம் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். சாக்குத் திரை அவளோடு இழுபட்டுக் கீழே விழுந்தது. வீதியில் நின்ற சனம் ஓடியது. மூன்று துவக்குகள் என்னைப் பார்த்தன.

"அத் தெக்க உஸ்ஸன்ன! உஸ்ஸன்ன!"

இரண்டு கையையும் உயர்த்தச் சொல்கிறார்கள் என்று விளங்கியது. உயர்த்த முடியவில்லை. தோளுக்கு மேல் கை போகாது, தையல் இழுக்கும் என்று தாதி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். கை நெஞ்சுக்கு நேரே மட்டும்தான் வந்தது. நெஞ்சுக்கு நேரே கை போவதைக் கண்டு இன்னும் கூடக் கத்தினார்கள். சாவு என்பது இவ்வளவு சின்ன விஷயமா என்று அதிர்ந்துபோய் நின்றேன். கையை உயர்த்தினேன். உள்ளே ஏதோ பிளந்தது. சூடாக வயிற்றை நோக்கி வழிந்தது.

மாமா இரண்டு கைகளையும் தூக்கியபடி நடுவீதியில் நின்றார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் போதும்.

"மஹத்தயா! ஹார்ட் ஒப்பரேஷன்! ஹார்ட் ஒப்பரேஷன் மஹத்தயா!" என்று கத்தினார்.

இருதயமாம்! துவக்கு முனையில், மருமகளின் உயிர் போகப் போகிற நேரத்தில், அந்தச் சொல்லை அவரால் சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இருதயத்தில் என்ன ஒப்பரேஷன் என்று ஒரு படையாள் கேட்டான். எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர் என்று இன்னொருவன் கேட்டான். மாமா தடுமாறினார். ஒவ்வொரு பொய்க்கும் துவக்குகள் ஓர் அடி கிட்ட வந்தன. குண்டு பார்க்கிறவர்களைக் கூப்பிட ஒருவன் வயர்லெஸ்ஸை எடுத்தான்.

நான்தான் சொன்னேன். என் சிங்களம் கடைக்காரனிடம் பாண் கேட்கிற சிங்களம். ஆங்கிலத்தில்தான் வந்தது. "பிரெஸ்ட்! பிரெஸ்ட் ஒப்பரேஷன்!" நடுவீதியில், ஆண்கள் எல்லாருக்கும் கேட்க, தொண்டை கிழியக் கத்தினேன். மாமா அதைக் கேட்டு முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டார். கை இரண்டும் மேலே, முகம் மதிலுக்கு.

அந்தப் பொலிஸ்காரி கிட்ட வந்தாள். சட்டையில் ஊறிவந்த இரத்தத்தைக் கண்டாள். சாக்குத் துணியைத் தூக்கி என்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பட்டியின் ஓரத்தை ஒரு விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

"அனே நங்கி," என்றாள். ஐயோ தங்கச்சி என்று அர்த்தம்.

அவளே என் பொத்தானைப் பூட்டிவிட்டாள். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டோம். அந்த இடம் ஆற மாதக்கணக்கில் எடுத்தது. அன்று த்ரீவீலரில் மாமா ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். முகம் முழுவதும் வீதிப் பக்கம். அந்த நாளைப் பற்றி அவரும் நானும் பிறகு ஒரு தரமும் கதைத்ததில்லை.

5

ஜெர்மனிக்கு வந்து இரண்டாம் வருடம் ஆரணி பிறந்தாள். மூன்றாம் நாள் எனக்குப் பால் ஊறியது. நெஞ்சு கல்லாகக் கனத்தது, காய்ச்சல் அடித்தது, குழந்தை வாய் வைத்து இழுத்துப் பார்த்து வீரிட்டு அழுதது. ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு அப்போது ஜெர்மன் மொழியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். என்னைப் பார்க்க வந்த மருத்துவச்சி என் சட்டையை விலக்கினாள். தழும்பைக் கண்டாள். பிறகு இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்து வெட்டிக் காட்டினாள். ஒரு காகிதத்தில் குழாய்கள் மாதிரிக் கோடுகள் வரைந்து, அவை எல்லாவற்றையும் குறுக்கே ஒரு கோட்டால் அடித்தாள்.

உள்ளே பால் இருக்கிறது. வெளியே வர வழி இல்லை. இதை ஒரு படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கட்டிலில் இருந்தபடி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தொலைபேசி அட்டையைச் சுரண்டி, கொட்டாஞ்சேனைக்கு எடுத்தேன். மாமிதான் கதைத்தாள்.

"மாமி, எனக்குப் பால் வராதாம். அந்த ஒப்பரேஷனால."

"ஓம் பிள்ளை... டொக்டர் அப்பவே சொன்னவராம்," என்றாள்.

"என்ன சொன்னவர்?"

"பால் குடுக்க ஏலாமல் போகும் எண்டு. அந்த இடத்தில உணர்ச்சியும் இருக்காதெண்டு. மாமா எனக்கு, நீ ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்குத்தான் சொன்னவர். செய்தாச்சே, இனி என்னத்தைச் சொல்லுறது எண்டு விட்டிட்டன்."

"மாமா எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?" மாமிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "தாய்மாமன் என்னெண்டு மருமகளிட்ட உதைச் சொல்லுறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உணர்ச்சி இல்லாமல் போனதை நான் அறிவேன். கலியாணமாகி இரண்டு வருடம் அது என்னிடத்தில் உள்ள ஏதோ குறை என்று நினைத்திருந்தேன். என் கணவரிடம் கூடச் சொல்ல வெட்கப்பட்டேன். அதையும் ஒரு டொக்டர், நல்ல வெளிச்சத்தில், ஆங்கிலத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் சொல்லியிருக்கிறார். காம்பை முழுதாக வெட்டி எடுத்து மேலே ஒட்டித் தைக்கப் போகிறோம், சம்மதமா என்று கேட்டிருக்கிறார். மாமாவின் தலை ஆடியிருக்கிறது.

மாமி போனை மாமாவிடம் கொடுத்தாள்.

"பிள்ளை, குழந்தை சுகமோ?"

"ஓம் மாமா."

"நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ?"

"ஓம் மாமா."

அட்டை முடிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மாமா இப்போது இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். என்னை அவர் பெற்ற பிள்ளையாக வைத்திருந்தார். சோதனைச் சாவடியில் நான் பட்டதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் டொக்டரைத் தேடி அலைந்தார். அதுவும் உண்மை. எனக்குச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனா என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். மறுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது, அந்தக் கைகளை நினைத்தால். ஆனால் எல்லாவற்றையும் கேட்ட பிறகு சொல்கிற அந்த 'ஓம்' என் வாயால் வந்திருக்கும்.

6

ஆரணியின் டொக்டர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். எங்களைக் கண்டதும் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, கதிரையை இழுத்து, ஆரணிக்கு நேரே முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. கதை முழுக்க அவளோடுதான்.

ஒரு வெள்ளைத் தாளில் நீலப் பேனையால் வரைந்தார். சுற்றி ஒரு வட்டம், கீழே ஒரு நேர்கோடு, அடியில் ஒரு வளைவு. நங்கூரம் மாதிரி. இப்படித்தான் தழும்பு வரும் என்றார். அந்த நங்கூரம் என் சட்டைக்குள் இரண்டு இருக்கிறது.

ஆரணி எட்டு வயதிலிருந்து எனக்கு மொழிபெயர்ப்பாளர். நகரசபையிலும், வரிக் கந்தோரிலும், பல் டொக்டரிடமும், அவளுடைய வகுப்பு ஆசிரியை அவளைப் பற்றியே குறை சொன்ன நாளிலும் அவள்தான் எனக்குச் சொன்னாள். நான் ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். துவாயும் விரிப்பும் பற்றிய ஜெர்மன் எனக்குத் தண்ணீர். டொக்டர்மாரின் ஜெர்மன் பிடிபடாது. அந்தப் பழக்கத்தில், டொக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆரணி என் பக்கம் சரிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ரத்தம் உள்ளுக்க கட்டலாமாம். அப்பிடியெண்டால் திரும்பத் திறக்கவேணுமாம். கிருமி தொத்தலாமாம். இந்தத் தையல் சந்திக்கிற இடம் ஆற நாள் எடுக்கலாமாம். எங்கட தோலுக்குத் தழும்பு தடிப்பா வரலாமாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவா வராமல் போகலாமாம்." நின்றாள். "அம்மா, ப்ருஸ்ட்வார்த்சே எண்டால் தமிழில என்ன?"

தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள். எந்தக் கூச்சமும் இல்லை.

"முலைக்காம்பு," என்றேன்.

ஐம்பது வயதாகிறது எனக்கு. அந்தச் சொல்லை என் வாயால் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தரம்.

"ஓம், அது. அதுக்கு ரத்தம் போகாட்டில் கறுத்துச் செத்துப்போகலாமாம். அது எப்பவாவதுதானாம். உணர்ச்சி குறையலாமாம். இல்லாமலே போகவும் கூடுமாம், திரும்பி வராமல். பிறகு பிள்ளை பிறந்தால் பால் குடுக்க ஏலாமல் போகலாமாம். இப்ப அதை வெட்டி எடுக்கிறேல்லையாம், உள்ளுக்க இருக்கிற தொடுப்போட சேத்துத்தான் மேல நகர்த்துறவையாம். எண்டாலும் பால் வரும் எண்டு சத்தியம் பண்ண ஏலாதாம். முந்தி முழுசா வெட்டி எடுத்து ஒட்டுறவையாம். சரியான பெரிசெண்டால் இப்பவும் அப்பிடிச் செய்யினமாம்."

பஸ் நேரம் சொல்கிற குரலில் சொல்லி முடித்தாள். நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். கலண்டரைப் பார்த்தபடி தலையாட்டிய ஒரு மனிதர் விழுங்கியதையெல்லாம் ஒன்று விடாமல் என் பிள்ளை எனக்குச் சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் கழித்து. யாருடைய உடம்பைப் பற்றிச் சொல்கிறாள் என்று தெரியாமலே.

"பிள்ளை, டொக்டரிட்ட ஒண்டு சொல்லு," என்றேன். "எனக்கும் இது செய்தது. கொழும்பில, உன்ர வயசில. எனக்கு வெட்டி ஒட்டினது."

ஆரணி டொக்டரின் பக்கம் திரும்பி, 'என் அம்மா' என்று ஜெர்மன் மொழியில் தொடங்கினாள். வசனம் அதற்கு மேல் போகவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது.

"உங்களுக்கா?"

"ஓம்."

"இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது அப்ப?"

"மாமாவுக்குச் சொன்னவை. மாமா எனக்குச் சொல்லேல்லை. நீ பிறந்த பிறகுதான் தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"அவருக்கு வாய் வரேல்லை பிள்ளை."

டொக்டர் பேனையை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆரணி என் நெஞ்சைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் நெஞ்சைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியது. பல வருடமாக நான் அதைக் கண்டதில்லை.

"அப்ப... சின்னதில நான் உங்கட நெஞ்சில படுத்திருக்கிற படம் இருக்கெல்லோ, அம்மா. அப்ப நான் அதில கிடக்கிறது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பொய் சொல்ல ஒரு கணம் வாய் உன்னியது. அந்த அறையில் எல்லாம் உள்ளபடி சொல்லப்பட்டிருந்தது. நானும் உள்ளபடியே சொன்னேன்.

"தோலில ஒண்டும் தெரியாது பிள்ளை. உன்ர பாரம் தெரிஞ்சது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் கொஞ்சம் பொறுத்து, அம்மா என்ன சொன்னார் என்று மெல்லக் கேட்டார். எட்டு வயதிலிருந்து நான் சொன்ன எதையும் விடாமல் மொழிபெயர்த்த பிள்ளை, தலையை ஆட்டி மறுத்தாள். அவள் டொக்டருக்குச் சொன்ன ஜெர்மன் எனக்கும் விளங்குகிற அளவுக்கு லேசான ஜெர்மன்.

"அது எனக்குச் சொன்னது," என்றாள்.